பிரேக் விளக்கு எரியவில்லை, அத்தான்

என் அன்பான அத்தான்,

உங்கள் கருமாதி முடிந்து ஒன்பது நாளாகிறது. அக்கா இப்போதுதான் கொஞ்சம் சாப்பிடுகிறாள். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சியாயிற்று, கவலைப்படாதீர்கள். இப்படியே பேசிக்கொண்டு போனால் எழுத வந்ததை எழுதாமல் தப்பித்துவிடலாம். என் புத்திதான் உங்களுக்குத் தெரியுமே.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பட்டாளத்து ஏலத்தில் வந்த அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினீர்கள். பச்சை பிடிக்கவில்லையென்று கறுப்புப் பெயிண்ட் இரண்டு கை பூசினீர்கள். ஜீயபுரம் ரோட்டில் லாரிக்காரர்கள் முதுகிலேயே வருகிறார்கள், பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பாக எரிய ஒரு விளக்கு வேண்டும் என்றீர்கள். நான் ஸ்ரீரங்கத்தில் வீடு வீடாக வயரிங் செய்கிறவன். வண்டி வயரிங்கைத் தொட்டதுகூட இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. இதென்ன பெரிய வித்தை என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன்.

வீட்டில் பல்புக்கு இரண்டு வயர். வண்டியில் ஒன்று போதும், மின்சாரம் திரும்பிப் போக வண்டியின் இரும்பே வழி. இவ்வளவுதான் அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தது. விளக்கை எஞ்சின் மேல் வைத்துப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. பிறகு மட்கார்டில் வைத்து முடுக்கினேன். பெயிண்ட் மின்சாரத்தை விடாது, அந்த இடத்தில் அதைச் சுரண்டிவிட்டு மாட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

தெரியாமல் செய்தது அதோடு சரி. அப்புறம் செய்ததுதான் என்னைப் பிடுங்கித் தின்கிறது. நீங்கள் பிரேக்கை மிதித்தீர்கள். நான் பின்னால் குனிந்து பார்த்தேன். எரியவில்லை.

"எரியுதா மாப்ளே?"

"எரியுதுங்க அத்தான். வெயில்ல சரியாத் தெரியல, அவ்வளவுதான்."

அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். போய்விட்டோம்.

அன்று சாயங்காலமே ரோட்டில் ஒரு மாடு குறுக்கே வர, நீங்கள் பிரேக் போட, பின்னால் வந்த லாரி இடித்தது. புத்தூர் ஆஸ்பத்திரியில் உங்கள் காலுக்குக் கட்டுப் போடும்போது நான் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தேன். மணப்பாறைக்கார டிரைவர், விளக்கே எரியவில்லை என்று அழாத குறையாகச் சொன்னாராம். நானோ, வண்டி கிளம்பும்போது என் கண்ணால் பார்த்தேன், நன்றாக எரிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு வேலை போயிற்று. உங்களுக்கு ஒரு கால் குட்டையாயிற்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

கருமாதிப் பந்தியில் தலை நரைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரசம் ஊற்றும்போது பேச்சுக் கொடுத்தேன். அந்த லாரி டிரைவர். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. கட்டு அவிழ்த்த மாதமே நீங்கள் தடியை ஊன்றிக்கொண்டு மணப்பாறைக்குப் போனீர்களாமே? வண்டியை நிமிர்த்திய மெக்கானிக் அந்தப் பெயிண்டைக் காட்டிவிட்டார், தப்பு எங்கள் பக்கம்தான் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்களாம். லாரி முதலாளியிடம் நடையாய் நடந்து வேலையையும் வாங்கிக் கொடுத்தீர்களாம்.

"அந்த லைட்ட மாட்டினது யாருன்னு மட்டும் கடைசி வரைக்கும் சொல்லலைங்க," என்றார்.

நான் இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை, அத்தான். நானெல்லாம் ஒரு மனுஷனா?

ஆறு தீபாவளிக்கு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேனே, ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை? நானாகச் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தீர்களா?

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த பொய்யை, நாலு பேர் படிக்கும்படி இங்கே எழுதித் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இதுவரை எழுதியதை நேற்று அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு, "மணப்பாறைக்கு எப்ப போற?" என்று மட்டும் கேட்டாள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். மாட்டியவன் நான், எரியாததைப் பார்த்தவனும் நான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். வெயிலைச் சாக்குச் சொல்ல மாட்டேன், அத்தான்.

நீங்கள் கடைசி வரை காட்டிக்கொடுக்காத
உங்கள் மச்சினன்,
தங்கவேலு