சுவரில் பதித்த கண்ணாடி

அண்ணா,

உன் சுவரில் ஏறிக் கிழித்துக்கொண்ட என் மகளின் உள்ளங்கையில் தையல் போட்டாயிற்று. "மாமா கிரவுண்டுல ஏம்மா விளையாடக் கூடாது?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வயதில் நாமும் பள்ளி விட்டதும் பையை வீசிவிட்டு அங்கேதானே ஓடுவோம்? கதவு பூட்டியிருந்தால், "ஏறுடி குட்டச்சி, நான் பிடிச்சுக்கறேன்" என்று தோள் கொடுப்பாய். இருட்டும்வரை யாரும் நம்மைத் தேடியதில்லை.

இன்று அதை வாங்கி, கார் நிறுத்த வாடகைக்கு விட்டிருக்கிறாய். "பிள்ளைய அடக்கி வளர்க்கத் தெரியாதா?" என்று போனில் கத்துகிறாய்.

போய்ப் பார்த்தேன். அவ்வளவு நீளச் சுவரில் கண்ணாடித் துண்டுகள் மரத்தை ஒட்டிய மூலையில் மட்டும்தான் இருக்கின்றன. நாம் ஏறிய இடம்.

கொத்தனாருக்கு அந்த இடம் எப்படித் தெரியும், அண்ணா?

இப்படிக்கு,
உன் தோளில் ஏறியவள்