பரிஸிலிருந்து கேட்ட வாக்கு

அண்ணை,

இன்று கடை மேசை இழுப்பறையில் உங்கள் நீலக் கொப்பி அகப்பட்டது. விரித்ததும் நீங்கள் நெற்றியில் பூசும் தைலத்தின் வாசம். பக்கம் பக்கமாக உங்கள் ஊர் வீடுகளின் தொலைபேசி எண்கள்.

இலங்கையில் உங்கள் ஊரின் பிரதேச சபைத் தேர்தல் போனமுறை நடப்பதற்கு முன், ஒரு பிரெஞ்சுச் சங்கத்தார் பரிஸில் நம் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கூட்டம் வைத்தார்கள். ஊரார் திரண்டுபோய் வாக்களித்தால் எல்லாம் திருந்தும் என்றார்கள். இருவரும் நம்பினோம். ஞாயிறு பூசை முடிந்ததும் இந்தக் கடையின் பின்னறையிலிருந்து வீடு வீடாக அழைத்தோம். "ஆருக்கெண்டு நாங்கள் சொல்லமாட்டம். போய்ப் போடுங்கோ, அது காணும்" என்பீர்கள். பக்கம் சாயவில்லை என்று நமக்கு அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமைதான் நம்மைக் கவிழ்த்தது. பிரான்சிலிருந்து அழைப்பு வந்தால் அதில் ஒரு பெயர் இருக்கும் என்றுதான் ஊர் எதிர்பார்க்கும். நாம் சொல்லாமல் விட்ட இடத்தில் மணல் லொறி முதலாளி தன் பெயரைப் போட்டுக்கொண்டார். "பரிஸ் ஆக்கள் போன் எடுத்தது எனக்காகத்தான்" என்று வீட்டுப் படலை படலையாகப் போனார். வென்றார். பிறகு விடுதி கட்டவென்று கரைப் பாதையை வேலி போட்டு அடைத்தார். உங்கள் தங்கை இன்றும் வலையைச் சுமந்துகொண்டு சுற்றுவழியில்தான் கடலுக்குப் போகிறார்.

"நீங்கள் சொல்லித்தானே அண்ணை போட்டனாங்கள்" என்று தங்கை போனில் அழுததை, ஸ்பீக்கரில் போட்டு என்னையும் கேட்கவைத்தீர்கள். இனி இந்த வேலையே வேண்டாம் என்றேன். "பிழை விட்டது நாங்கள், பிள்ளை. அதுக்கு அவளின்ரை வோட்டை ஏன் பறிக்கிறாய்?" என்றீர்கள். கோபத்தில் மாதக்கணக்காக உங்களோடு பேசவில்லை. உங்கள் கடைசி நாள்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலருகில்தான் மறுபடி பேசினோம். நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இப்போது மறுபடி தேர்தல். அந்த முதலாளியும் நிற்கிறார். "போனமுறை கிழிச்சது காணும், வாயை மூடிக்கொண்டு இருங்கோ" என்று கடைக்கு வருகிறவர்கள் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். மூடமாட்டேன். கெடுத்தது நாம் என்றால், கெட்டதை ஊர் நிமிர்த்தும்போது ஒளிந்துகொள்வதா?

முதலில் உங்கள் தங்கையைத்தான் அழைத்தேன்.

"இந்தமுறை ஆருக்கு, அக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"அது உங்கடை விருப்பம். ஆனா படலைக்கு வாற எல்லாரிட்டையும், வேலியை எப்ப புடுங்குவியள் எண்டு கேளுங்கோ. முதலாளி வந்து பரிஸ் ஆக்கள் தன்ரை பக்கம் எண்டு சொன்னா, அங்கை வைச்சே எனக்கு எடுங்கோ. ஸ்பீக்கரிலை போடுங்கோ. நான் கதைக்கிறன்."

கொப்பியில் இன்னும் நிறைய வீடுகள் இருக்கின்றன, அண்ணை. அடுத்த எண்ணை அழுத்துகிறேன்.