முதல் டம்ளரில் தேன்தண்ணீர்

அன்பு மகன் ஜீவானந்தத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, ஆடு மாடு எல்லாரும் சுகம், அங்கே கோயம்புத்தூரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் டவர் பாதியில் அறுந்துபோகிறது, இந்தச் சங்கதியை முழுசாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராதுடா.

உன் அக்கா சசிகலா மகள் இளவரசிக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேணும், மடியில் பிள்ளையை வைக்குமுன் சாமிக்குப் படைத்த சாராயத்தில் முதல் டம்ளரை மாமன் குடிக்கணும், அது நம்ம ஊர் முறை. அதுக்குப் பயந்துதானே, "அந்த டம்ளர வேணாம்னு தள்ற தெம்பு இன்னும் வர்ல, நான் வர்லமா" என்று போனில் அழுதாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கூறுகெட்டுப்போய் உனக்கு வயிற்றுப்புண் என்று ஊரில் சொல்லி வைத்தேன், பக்கத்து வீட்டு முனியன் உடனே, "வயித்துப்புண்ணுக்கு இதான்க்கா மருந்து, ரெண்டு டம்ளரா குடுப்போம்" என்கிறான். வந்ததே எனக்குக் கோபம், நேராக ஊர்ப்பெரியவர் சடையன் வீட்டுக்குப் போய் எல்லார் எதிரிலும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். புண்ணும் இல்லை ஒன்றும் இல்லை, என் மகன் குடியை விட்டவன், ஒரு வாய் பட்டாலும் மறுபடி விழுந்துவிடுவான் என்றேன். அவர் என்னைத் திண்ணையில் உட்கார வைத்தார். அப்புறம், "சாமி இன்னா சாராயந்தான் வேணும்னு கேட்டுச்சா, நம்ம மலைத்தேன் இருக்குதே, தண்ணில கரைச்சுக் குடும்மா" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லைடா. இன்னொன்றும் கேள், திரும்பி வரும் வழியில் முனியன் என்னை நிறுத்தி, "எனக்கும் அந்தத் தேன்தண்ணி டம்ளரே குடுக்கா" என்று மெதுவாகக் கேட்டான்.

பகல் பஸ்ஸிலேயே வா, வெறும் வயிற்றோடு கிளம்பாதே, பசி வந்தால்தான் உனக்கு அந்த நினைப்பும் வரும். குடியை விட்டவர்கள் கூடுகிற உங்கள் கூட்டத்து வில்சன் சார் நம்பரைக் கையிலேயே வைத்திரு. பழைய கூட்டாளிகள் பிடித்துக்கொள்வதற்குள் அப்பாவே திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொள்வார். இத்தனைக்கும் மேல் வழியில் மனசு ஆடினால் அப்படியே திரும்பிப் போய்விடு கண்ணு, யாரும் கோவித்துக்கொள்ள மாட்டோம். சசிகலாவே சொல்லிவிட்டாள், "தம்பி வர முடிலன்னா பாப்பாவத் தூக்கினு நாம கோயம்புத்தூருக்கே போய்டலாம்மா, அங்க காது குத்த ஆளா இல்ல" என்று.

சாமி உன்னை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும், நீ நல்லா இருப்பாய். எந்த ஊரானாலும் சரி, மடியை மட்டும் தயாராக வைத்திரு.

எங்கிருந்தாலும் உன் அம்மா,
மங்கம்மாள்