அறைக்குள் சொன்னது கலியாண வீட்டுக்குப் போனது

அனுப்புநர்:
செல்வி யோசேப் சுவேதினி,
நறுவிலிக்குளம்,
மன்னார்.

பெறுநர்:
பணிப்பாளர்,
பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை,
மன்னார்.

பொருள்: நீரிழிவு மரபணு ஆய்வில் எனது சகோதரி பற்றிய முடிவு வெளியாட்களுக்குத் தெரியவந்தமை

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து 2011இல் திரும்பிக் குடியேறியவர்கள். கடந்த வைகாசியில், உடற்பருமன் உள்ளவர்களுக்கு நீரிழிவு வருவதில் மரபணுவின் பங்கை ஆராய்வதாகக் கூறி, வெளியிலிருந்து ஒரு குழு எமது கோயில் வளவுக்கு வந்தது. நாங்கள் ஊருக்குத் திரும்பிய நாள் முதல் எங்களைப் பதியவும் படமெடுக்கவும் வராதவர்கள் இல்லை. ஆகவே இரத்தம் கொடுக்க எனது அக்கா கத்தரின் தயங்கினார். சீனி வருத்தத்தால் ஒரு பாதத்தை இழந்த அப்பாவைக் காட்டி நானே அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

2. முடிவு சொன்ன அறையில் வைத்தியர், மொழிபெயர்ப்பாளர், உதவிக்கு நின்ற எமது ஊர் ஜூலியட் ஆகியோரும் நாங்கள் இருவரும் மட்டுமே இருந்தோம். அக்காவைவிட நான்தான் பருமன். இருந்தும் எனக்கு இரத்தத்தில் சீனி அளவாக இருந்தது. அக்காவுக்கு எல்லையில் நின்றது. எடை கூடும்போது அதற்கு ஈடாக இன்சுலின் சுரக்கவிடாத சில மரபணு வேறுபாடுகள் அக்காவிடம் உள்ளன, என்னிடம் இல்லை என வைத்தியர் விளக்கினார். எடையைக் குறைத்தால் நோய் வராமலும் இருக்கலாம் என்று அவர் ஆங்கிலத்தில் கூறியது எனக்கு விளங்கியது. மொழிபெயர்ப்பாளரோ "கட்டாயம் வரும்" என்றார். நான் திருத்தியதை அவர் காதில் வாங்கவில்லை.

3. அந்தக் கிழமையே அக்காவுக்குப் பேசியிருந்த கலியாணம் நின்றது. மாப்பிள்ளையின் தாயார் அன்ரோனெற் வந்து அப்பாவிடம், "குறை நினையாதேங்கோ அண்ணை. கட்டாயம் வரும் எண்டு டொக்டரே சொன்னவராம். பிறக்கப்போற பிள்ளையளையும் பார்க்க வேணுமே" என்றார். அப்பாவின் காலைக் கண்டும் சம்மதித்திருந்தவர்கள் அவர்கள். வைத்தியர் சொல்லாத சொல் அவர் வாயில் வந்ததாயின், அது அந்த அறையிலிருந்தே போயிருக்க வேண்டும்.

4. ஜூலியட் அன்ரோனெற்றுக்குத் தூரத்துச் சொந்தம். கேட்டபோது, தான் எவருக்கும் சொல்லவில்லை என்று அந்தோனியார் மேல் சத்தியம் செய்தார். ஆனால் இப்போது எங்களைக் கண்டால் வேறு ஒழுங்கையால் போகிறார். மொழிபெயர்ப்பாளர் என் கேள்வி முடியுமுன்னே தொலைபேசியைத் துண்டித்தார். எவரென்று துணிந்து கூற என்னால் முடியவில்லை.

5. அக்கா இப்போது ஓயாமல் தண்ணீர் குடிக்கிறார், உடம்பும் வற்றுகிறது. கிளினிக்குக்குக் கூப்பிட்டால், "சோதிச்சால் எனக்கு முதல் ஊருக்குத்தான் தெரியும்" என்கிறார். நான் வற்புறுத்தியபோது, "அந்த அறையில நீயும்தானே இருந்தனீ" என்றார். அதற்குப் பின் நான் ஊற்றிக் கொடுக்கும் தேத்தண்ணியைக்கூட, சீனி போட்டிருக்கிறேனா என்று நாக்கில் தொட்டுப் பார்த்தே குடிக்கிறார்.

6. ஆகவே இதனை விசாரிக்குமாறும், எங்கள் இரத்தம் எங்கே, யார் பொறுப்பில் உள்ளதென அறியத்தருமாறும், தமிழ் தெரிந்த வைத்தியர் ஒருவர் கதவைச் சாத்தி அக்காவுடன் கதைக்க ஒழுங்கு செய்யுமாறும் வேண்டுகிறேன். நின்ற கலியாணத்தை நான் கேட்கவில்லை. சொன்னவரின் பெயரையும் எனக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. அது நான் அல்ல என்பதை மட்டும் தங்கள் பணிமனையிலிருந்து எவராவது வந்து அக்காவிடம் கூறினால், அவர் கிளினிக்குக்கு வருவார் என நம்புகிறேன்.

தங்கள் விசாரணையை எதிர்பார்த்திருக்கும்,

யோ. சுவேதினி
(ஒப்பம்)

இடம்: நறுவிலிக்குளம்
திகதி: 2014.08.11