நீ விலக்கிக்கொண்ட பெயர்

இன்று காலை தபாலில் வந்த உறையைப் பிரித்ததும் அச்சு மையின் வாடை அடித்தது. உள்ளே உன் நினைவு மலரின் மாதிரிப் படி. "பிழை பார்த்துக் கொடுங்க டீச்சர்" என்று ஆஸ்பத்திரியில் உன் எக்ஸ்ரே துறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு. உன் கட்டுரைகளின் ஆங்கிலத்தை இத்தனை வருடம் திருத்தியவள் நான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கடைசிப் பக்கத்தில் உன் ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல். எல்லாமே மார்பகப் புற்றுநோயை மேமோகிராம் என்கிற எக்ஸ்ரே படத்தில் கண்டுபிடிப்பது பற்றியவை. முதலாவதாக, தடித்த எழுத்தில், அந்தக் கட்டுரை. எழுதியவர்கள் வரிசையில் உன் பெயர். நீயே வேண்டாமென்று எடுத்த பெயர்.

விவேக் நகரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அதன் முதல் வரைவை விரித்தாய். புற்றுநோய் என்று உறுதியான பெண்களின் பழைய படங்களைத் தேடி எடுத்து, அப்போதே அதில் ஏதாவது தெரிந்ததா என்று மறுபடி பார்த்திருந்தாய்.

"சில பேருக்கு மேமோகிராம்ல எல்லாமே வெள்ளையா இருக்கும் டீச்சர், கட்டியும் வெள்ளை. பால்ல விழுந்த சோத்துப் பருக்கையைத் தேடுற மாதிரி."

"அப்போ தவறவிடறது சகஜம்தானே?"

"சகஜம்தான். அதுக்காக மறைக்கலாமா?"

சில பழைய படங்களில் நோய் இருந்தது. கீழே 'இயல்பு' என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு படத்தில் இருந்த கையெழுத்து உன்னுடையது. பொம்மசந்திராவில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் படம் அது. அவள் மறுபடி வந்தபோது காலம் கடந்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தாய். "நான்" என்பதை "நாங்கள்" என்று மாற்றலாமே என்றேன். "பார்த்தது நான் டீச்சர். நாங்க இல்ல" என்றாய்.

தவறவிட்ட படங்களை நீக்கச் சொன்னார் உன் துறைத் தலைவர். நீ மறுத்தாய். அவரே நீக்கினார். உன் பெயரை எடுத்துவிடும்படி கடிதம் கொடுத்தாய். அந்தக் கடிதத்தையும் நான்தான் திருத்தினேன். உன் பெயர் இல்லாமலே கட்டுரை வெளிவந்தது, எங்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்கிற தோரணையில். தேறாத பிள்ளைகளின் விடைத்தாளை ஒளித்துவிட்டு வகுப்பே தேறிவிட்டது என்று ஓர் ஆசிரியை எழுதினால் அவளை என்ன செய்வார்கள்? இவருக்கு மாலை போட்டார்கள்.

இன்று மலரைப் பார்த்த உடனே அந்தத் துறைத் தலைவருக்குப் போன் செய்தேன்.

"சார், அந்தக் கட்டுரைல அவ பேரு கிடையாது. அவளே எடுத்துட்டா."

"தெரியும் டீச்சர். அவங்க கம்ப்யூட்டர்ல கிடந்த பழைய வரைவைப் பார்த்து பசங்க சேர்த்துட்டாங்க. இருக்கட்டுமே, அவங்களுக்கும் பெருமைதானே? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, கொஞ்சம்தானே."

"செத்தவ எழுந்து வந்து மறுக்க மாட்டான்னு தைரியமா?"

அவர் குரல் மாறியது. "நீங்க டாக்டர் இல்ல டீச்சர். கமா, ஃபுல்ஸ்டாப் மட்டும் பாருங்க. மலர் இப்படியேதான் அச்சுக்குப் போகும். ஞாயித்துக்கிழமை நினைவுக் கூட்டத்துல நீங்க பேசவும் வேணாம்."

அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் காரணம் எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன். அவர் அதைக் குப்பையில் போடுவார் என்றும் தெரியும்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். பெயரை எடுத்தாயே தவிர வாயைத் திறக்கவில்லை. "சண்டை போட்டா என்னைப் படம் பார்க்க விடமாட்டாங்க டீச்சர். தினம் எத்தனை பேர் வந்து நிக்கிறாங்க" என்றாய். பொறுமையாக இரு என்று நானும் சொன்னேன். கணக்கு வராத பிள்ளையிடம் காட்ட வேண்டிய பொறுமையை அந்த மனிதரிடம் காட்டச் சொல்லிவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது.

உன் வரைவின் பிரதி என்னிடம் இல்லை. ஆனால் எத்தனையோ முறை திருத்தியதால் நீ தவறவிட்ட படத்தைப் பற்றிய பத்தி மட்டும் மனப்பாடம். "இந்தப் படத்தை நான் பார்த்தேன். இயல்பு என்று எழுதினேன். நோய் அப்போதே அதில் இருந்தது."

ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்காரப் போகிறேன். அவர் அந்தக் கட்டுரையைப் புகழத் தொடங்கியதும் எழுந்து நின்று இதைச் சொல்வேன். மைக் தரமாட்டார்கள். அறுபது பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்பில், வெளியே பஸ்ஸும் ஆட்டோவும் கத்த, கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி பாடம் நடத்தியவள் நான்.