குடையைக் கொடுத்தானா, பிடுங்கினானா

15-10-1991, செவ்வாய். மதியம் 1.10. தாள்கள்: 63

மேகம். மழை இல்லை. புழுக்கம்.

காலையில் ஏழாவது பெட்டியை உடைத்தோம். ஜப்பானிலிருந்து வரும் கிரைண்டிங் மிஷினின் பாகங்கள். மொத்தம் ஒன்பது பெட்டி. இதில்: மோட்டார் 1, பெல்ட் மூடி 2, போல்ட் பை 4 (ஒன்றில் எண்ணிக்கை குறைவு, கடிதம் போட வேண்டும்). மீதி இடமெல்லாம் திணித்து வைத்த கசங்கிய காகிதம்.

பேக்கிங் பிரிவுப் பெண்களுக்கு மோட்டார் ஒரு பொருட்டே இல்லை. காகிதத்துக்குத்தான் பறக்கிறார்கள்.

எழுதி வைக்கிறேன், பின்னால் எனக்கே நம்பிக்கை வராது. அந்தக் காகிதம் ஜப்பான் வாரப் பத்திரிகை. அதில் ஒரு படக்கதை. வாரா வாரம் வந்திருக்கிறது, முடிகிற மாதிரி தெரியவில்லை. ஜூனில் முதல் பெட்டி வந்தபோது அவர்களில் ஒருத்தி, ஸ்டெல்லா, ஒரு தாளைக் குப்பையில் போடாமல் கையால் நீவிப் பார்த்தாள். அன்று பிடித்த பைத்தியம், பிரிவு முழுக்கப் பரவிவிட்டது. தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய் இஸ்திரி போட்டு எடுத்து வருகிறாள். ஃபைலில் கோக்கிறாள். எழுத்து ஒன்றும் புரியாது. பக்க எண் மட்டும் நம் எண். அதை வைத்து அடுக்கிக் கொடுத்தவன் நான். அரை மணி நேர வேலை. அதற்கே மேதை என்றார்கள்.

கதையில் மூன்று பேர். பெயர் இவர்களே வைத்தது.

குதிரைவால்: பெண்.
கண்ணாடி: நன்றாகப் படிக்கிறவன். அவளுக்குப் புத்தகம் கொடுப்பான்.
சைக்கிள்: சைக்கிளிலேயே திரிவான். எதற்கும் தாமதமாக வருவான்.

கேள்வி ஒன்றே ஒன்று. குதிரைவால் யாருக்கு? பிரிவில் பதினொரு பெண்கள். கண்ணாடிக் கட்சி 7, சைக்கிள் கட்சி 4. கண்ணாடிக்குத் தலைவி மல்லிகா அக்கா (மணிமங்கலம், இரண்டு பிள்ளைகள், வாய்க்குப் பூட்டு கிடையாது). சைக்கிளுக்கு ஸ்டெல்லா.

இன்று வந்த தாளில் ஒரு வரிசையில் மூன்று கட்டம். இடது ஓரத்தில்: சைக்கிள் தொப்பலாக நனைந்து, தலை குனிந்து தனியாகப் போகிறான். நடுவில்: மழை, தெரு மட்டும். வலது ஓரத்தில்: குதிரைவாலும் அவனும் கேட்டருகே. இருவர் கையும் ஒரே குடையின் பிடியில்.

"பாத்தியாடி உன் ஆளை?" என்றார் மல்லிகா அக்கா. "நனைஞ்சிக்கினே போனவன் திரும்பி வந்து பொம்பளப் புள்ள கையில இருந்த குடையைப் பிடுங்கிக்கிறான். இவனுக்குப் போயி வக்காலத்து வாங்கறியே."

"பிடுங்கலக்கா. குடுக்கிறான்."

"இன்னாத்த குடுக்கிறான்? கண்ணு தெரியுதா உனுக்கு?"

"நனைஞ்ச சட்டை அதுக்குள்ள எப்படிக்கா காயும்? போறதுல பாருங்க, உடம்போட ஒட்டிக்கினு கீது. குடைக் கட்டத்துல மொடமொடன்னு கீது."

"வூட்டுக்குப் போயி மாத்திக்கினு வந்திருப்பான்."

"ரெண்டுலயும் அதே சட்டைதான். மேல இருந்து மூணாவது பட்டன் இல்ல பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் பாதி இதற்கே போய்விட்டது. எரிச்சல். சொன்னேன்: "வரிசையாப் பாருங்க. ஒண்ணு, போறான். ரெண்டு, மழை. மூணு, குடையை வாங்கறான். சட்டை, வரைஞ்சவன் பண்ண தப்பு. நான் மூணு வருஷம் டிராயிங் படிச்சவன். முடிஞ்சுது."

ஸ்டெல்லா விடவில்லை. "பட்டனை மறக்காதவரு சட்டையை மறந்துட்டாரா சார்?"

"மொதல்ல படம் பாக்கக் கத்துக்கோ. அப்புறம் பேசு."

எல்லோரும் சிரித்தார்கள். சங்கு ஊதிவிட்டது.

வாங்க: சோப்பு, பிளேடு. செருப்பு வார் தைக்க.


16-10, புதன். காலை 10.15

தூறல்.

மேனேஜர் கூப்பிட்டார். புது மிஷின் ஓடத் தொடங்கினால் இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கு ஓர் ஆள் வேண்டும். பேக்கிங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நிரந்தர வேலை. ஒரு மாதம் அரை நாள் வீதம் என்னிடம் அந்த வேலை பழகியவர்கள் இரண்டு பேர், ஸ்டெல்லாவும் கீதாவும். ஒரு பெயரை எழுதி, மற்றவருக்கு ஏன் இல்லை என்று காரணமும் எழுதித் தரச் சொன்னார்.

கீதா: சுத்தம். சொன்னதைச் செய்வாள். கேள்வி கேட்கமாட்டாள்.
ஸ்டெல்லா: வேகம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஏன். போன மாதம் நான் பாஸ் செய்த ஒரு தட்டு உருப்படியையே கழிவு என்று தள்ளி வைத்தாள். (அளவு பார்க்கும் கேஜ் தேய்ந்திருந்தது. அது வேறு விஷயம்.)

கீதா என்று எழுதினேன். காரணம்: "ஸ்டெல்லா, கவனம் போதாது. வாதம் செய்கிறார்." கையெழுத்து. 10.40க்குக் கொடுத்தாயிற்று.

மாலை 4.30. ஸ்டெல்லா வந்தாள். உட்காரச் சொல்லவில்லை நான். ஏன் சொல்லவில்லை?

"சார், என் பேரு போகலயாமே."

"போகல."

"காரணம் தெரிஞ்சா திருத்திக்குவேன்."

"இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கறதை இருக்கற மாதிரி பாக்கணும். நமக்குப் பிடிச்ச மாதிரி பாக்கக்கூடாது. நேத்து எல்லார் எதிர்லயும்தான் தெரிஞ்சுதே."

மேஜையில் இருந்த கேஜை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"நான் சைக்கிளுக்காகச் சொல்லல சார். சட்டைக்காகச் சொன்னேன்."

போய்விட்டாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மல்லிகா அக்கா சொன்னார்: "ஒம்போது பெட்டியும் வந்துட்டா டிசம்பரோட டெம்பரவரி அல்லாரையும் அனுப்பிடுவாங்களாம். எனுக்கு நிலம் நீச்சு கொஞ்சம் கீது, சமாளிச்சுக்குவேன். அவ வூட்ல அவ ஒருத்திதான் சம்பாரிக்கறவ. தெரியுமில்ல உங்களுக்கு?"

தெரியாது. நான் கேட்டதே இல்லை.


17-10, வியாழன்

மழை. பஸ் இருபது நிமிடம் தாமதம். சுங்குவார்சத்திரம் பக்கம் ரோட்டில் தண்ணீராம். கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. செருப்பு வார் இன்னும் தைக்கவில்லை.

எட்டாவது பெட்டி. பட்டியல் சரி. புதுத் தாள்கள் 6.

ஆறும் என் மேஜைமேல் கிடந்தன. கசங்கியபடியே, பந்தாக. பக்கத்தில் ஃபைல்.

கீதாவிடம் கேட்டேன். "இனிமே சாரே பாத்துக்கட்டும்னு ஸ்டெல்லா சொல்லிச்சு சார்" என்றாள். சொல்லிவிட்டு ஓர் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள். வேலை கிடைத்த சந்தோஷம். பிரிவில் எல்லோருக்கும் கொடுத்தாளாம். ஸ்டெல்லா வாங்கிக்கொண்டு, நல்லா இரு என்று கன்னத்தைத் தட்டினாளாம்.

மதியம் சாப்பாட்டுக் கொட்டகையில் கண்ணாடியும் இல்லை, சைக்கிளும் இல்லை. மல்லிகா அக்காகூடக் கத்திரிக்காய் விலையைப் பற்றித்தான் பேசினார். டிபன் டப்பா சத்தம் மட்டும். நாலு மாதமாக இந்தக் கூச்சலைப் பற்றிக் குறைப்பட்டவன் நான்.

ஒரு தாளை ஸ்டீல் ஸ்கேலால் நீவிப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு. நடுவில் கிழிந்துவிட்டது. ஸ்டெல்லா எப்படி ஒன்றைக்கூடக் கிழிக்காமல் அறுபத்து மூன்று செய்தாள்? ஈரத்துணி வைத்து இஸ்திரி போடுவாளோ? கேட்கலாம் என்று எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

போல்ட் கடிதம்: போட்டாயிற்று.


18-10, வெள்ளி. மாலை 5.10

வெயில். மூன்று நாளுக்குப் பிறகு.

மிஷினைப் பொருத்திக் கொடுக்க ஜப்பான்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வாட்ச்மேனுக்கும் குனிந்து வணக்கம். பெயர் வாயில் நுழையவில்லை. பத்து நிமிடத்தில் பேக்கிங் பிரிவு அவரை ஜப்பான் மாமா ஆக்கிவிட்டது. அவருக்கு இங்கிலீஷ் இருபது வார்த்தை, எனக்கு இருநூறு. காலை முழுவதும் ஃபவுண்டேஷன் மட்டம் பார்த்தோம். கை சுத்தம். நல்ல வேலைக்காரர்.

மதியம் மேனேஜர் அறை வேண்டாம், எல்லோரோடும் சாப்பிடுகிறேன் என்றார். கொட்டகைக்கு அழைத்துப் போனேன். என் கக்கத்தில் ஃபைல். ஏன் எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை. பார்த்ததும் அவர் ஒரு கூச்சல் போட்டார். சிரித்தபடி பிடுங்கிக்கொண்டார்.

பின் அட்டையிலிருந்து திறந்தார். தெரியாமல் திறக்கிறார் என்று நினைத்து நான் நேராகத் திருப்பி வைத்தேன். அவர் மறுபடி பின்பக்கமாகத் திருப்பினார். நான் மறுபடி நேராக்கினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, பொறுமையாக, மறுபடி திருப்பினார்.

கடைசியாகக் கோத்த குடைத் தாள். விரலை வைத்தார். வலது ஓரத்தில்.

வலது: கேட், காய்ந்த சட்டை, குடை. நடு: மழை. இடது: நனைந்து போகிறவன்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இருந்தாலும் கேட்டேன். குடைப் பிடியைக் காட்டி, "கிவ்? டேக்?"

அவர் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "கிவ்."

அவர்கள் ஊரில் கட்டங்கள் வலமிருந்து இடம். பக்க எண்ணைப் பார்த்து அடுக்கினேனே தவிர, பக்கத்துக்குள் எங்கிருந்து தொடங்குவது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

மல்லிகா அக்காதான் முதலில் பிடித்தார். "ஐயையோ! அப்ப நாலு மாசமா எதிர்ப்பக்கமா படிச்சிக்கினு இருந்தமா? அன்னிக்கி கண்ணாடியை அவ அறைஞ்சிட்டு அழுதாளே, அது அழுதுட்டு அறைஞ்சதா?"

"அப்ப தப்பு அவன் மேலயா?"

"சார், மூணு வருஷம் டிராயிங் படிச்சீங்களே, எந்தப் பக்கத்துலருந்து படிச்சீங்க?"

கொட்டகையே அதிர்ந்தது. நான் பேனாவைப் பையில் செருகிக்கொண்டேன்.

குதிரைவால் யாருக்கு என்று மாமாவிடம் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். இன்னும் முடியவில்லையாம், வந்துகொண்டே இருக்கிறதாம். தன்னைத் தொட்டு, கண்ணுக்கு இரண்டு விரல் வளையம் வைத்தார்: அவர் கண்ணாடிக் கட்சி. பிறகு தோள் உயரத்துக்குக் கையைக் காட்டி, மகள் என்றார், காற்றில் பெடல் மிதித்தார். பிறகு இரண்டு முஷ்டியையும் மோதவிட்டார். வீட்டில் சண்டையாம். மல்லிகா அக்கா எழுந்து போய் அவருக்குக் கை கொடுத்தார். "நம்ம கட்சி எட்டு!"

ஸ்டெல்லா பெஞ்சின் கோடியில். சிரிக்கவில்லை. நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். டப்பாவைக் கழுவிக்கொண்டு போகும்போது மல்லிகா அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது: "அல்லாத்தையும் மொதல்லருந்து பாக்கணும்க்கா. பாவம், அந்தப் புள்ளைங்களைப் பத்தி இன்னா இன்னாவோ பேசிட்டோம்."

இப்போது என் குறிப்பின் நகல் எதிரே. கவனம் போதாது.

அவள் பார்த்தது: ஈரம், பட்டன், மழை. நான் பார்த்தது: இடமிருந்து வலம். இருக்கிறதை இருக்கிற மாதிரி பார்க்கணும் என்று யாருக்கு யார் சொன்னது! அந்தக் கேஜும் வேறு விஷயம் இல்லை. எல்லாம் ஒரே விஷயம். எல்லார் எதிரிலும் அவள் சரியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு அவளுடைய டிசம்பரை எடுத்துக்கொண்டேன்.

5.40. கேட்டில் மேனேஜரைப் பிடித்தேன். பெயர்ப் பட்டியல் திங்கள்தான் மெட்ராஸ் ஆபீசுக்குப் போகிறது. மாற்றலாமா என்றேன். ஸ்கூட்டரை நிறுத்தாமலே சொன்னார்: "உன் கையெழுத்தை நீயே மாத்தினா நாளைக்கு உன் கையெழுத்துக்கு இன்னாய்யா மதிப்பு? யோசிச்சு வா."


19-10, சனி. காலை 7.05. ஸ்ரீபெரும்புதூர், பஸ்ஸுக்காக நிற்கிறேன்

மேகம். தாள்கள்: 69.

யோசித்தாயிற்று. கீதாவின் மிட்டாய் இன்னும் சட்டைப் பையில். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. இப்படியே விட்டால் ஒருத்திக்கு அநியாயம், சும்மா மாற்றினால் இன்னொருத்திக்கு. பஸ் வருவதற்குள் எழுதி வைக்கிறேன்:

1. 8.15க்கு மேனேஜர். நின்றபடியே சொல்ல வேண்டும், உட்கார்ந்தால் சமாதானம் சொல்லத் தொடங்குவேன். என் குறிப்பு தவறு. காரணம் எழுத்தில். மதிப்பு போனால் போகட்டும்.

2. கீதா, ஸ்டெல்லா இருவருக்கும் ஒரே தட்டு. இருபது உருப்படி, எத்தனை கழிவு என்று சொல்லாமல். புது கேஜ். திருத்துவது மேனேஜர். நான் அறைக்கு வெளியே.

3. கீதாவிடம் அதற்கு முன்பே நானே போய்ச் சொல்ல வேண்டும். அழுதால் நழுவக்கூடாது.

4. 12.30 கொட்டகை. எல்லார் எதிரிலும் சொன்னதை எல்லார் எதிரிலும் திரும்பப் பெற வேண்டும். ஸ்டெல்லா என்று பெயரைச் சொல்லி. மல்லிகா அக்கா என்ன சொன்னாலும் பதில் கூடாது.

5. 69 தாளையும் வலமிருந்து பார்க்க வேண்டும், அவள் பக்கத்தில் உட்காரச் சம்மதித்தால். சம்மதிக்காவிட்டால் ஃபைல் அவளுடையது.

6. குதிரைவால் யாருக்கு என்று அவளிடம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.