கதவுக்கு ஒரு துணி வளையம்

அரசரடி, மதுரை
12.11.2024

அன்புள்ள சுஷ்மாவுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே நான் நலம். மழை விடாமல் பெய்வதால் முழங்கால் மட்டும் முனகுகிறது. நீயும் வயிற்றுப் பிள்ளையும் ஸ்ரீகுமாரும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "நல்லா இருக்கேன் அத்தை" என்று சொல்லி ஸ்ரீகுமாரிடம் கொடுத்துவிடுகிறாய். ஐந்து வாரமாக அப்படித்தான். தை மாதம் உன் பிரசவத்துக்கு நான் அங்கு வருவதாக இருந்த பேச்சும் நின்றுபோனது. "உனக்கு இங்க குளிர் தாங்காதுன்னு சுஷ்மா சொல்றாம்மா" என்கிறான் அவன். பழியைக் குளிர் மேல் போட்டது உன் நல்ல குணம்.

உங்கள் அபர்டீன் தெருவில் எல்லாக் கதவும் ஒரே நிறம், ஆளாளுக்குக் கதவில் வட்டமாக ஓர் அலங்காரம் மாட்டியிருக்கிறார்கள் என்று படம் அனுப்பினாய். நம் கதவுக்குச் சுங்குடித் துணியில் அதுபோல ஒன்று தைத்துத் தாருங்கள் என்றாய். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நீ என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள். நான் என்ன செய்தேன்? "உசுரோட ஆளுங்க இருக்கிற வீட்டு வாசல்ல எவளாவது வளையம் வைப்பாளா?" என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதெல்லாம் சொல்லிக் குடுக்க உனக்கு வீட்டுல ஆளில்லையா?" என்றும் கேட்டுவிட்டேன். பன்னிரண்டு வயதில் தாயைப் பறிகொடுத்த பெண்ணைப் பார்த்து.

போன வருடம் மாமாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது ஆபீஸ்காரர்கள் பெரிய மலர் வளையம் கொண்டுவந்து அவர் நெஞ்சின் மேல் வைத்தார்கள். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் கிளம்ப முடியாமல் நீங்கள் அங்கே தவித்துக்கொண்டிருந்தீர்கள். நம் பக்கத்தில் அந்த வட்டத்தை வேறு எதற்கும் யாரும் வாங்குவதில்லையே. அதை வைக்கிற வரைக்கும் அவர் தூங்குகிறார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். வைத்த பிறகு முடியவில்லை. உன் படத்தில் எனக்குத் தெரிந்தது அதுதான்.

ஆனால் அதற்கும் உன் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம்? கோபத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்து எறிந்தேன், அவ்வளவுதான். முப்பது வருடம் பிள்ளைகளை மிரட்டிய டீச்சர் நாக்கு. என்னை மன்னித்துவிடு சுஷ்மா. போனில் சொன்னால் இந்த நாக்கு அதையும் அதட்டலாகத்தான் சொல்லும். ஸ்ரீகுமாரிடம் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அவன் என்னிடம் சண்டைக்கு வந்திருப்பான். நீ என் மானத்தைக் காத்தாய். அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.

சரி, இந்தக் கடிதத்தோடு பார்சலில் வந்திருக்கும் வளையத்தின் கதையைக் கேள். முதலில் கடையில் கம்பி வாங்கி வடிதட்டின் விளிம்பை ஒட்டி வளைத்தேன். வட்டம் வந்ததும் மாமா நெஞ்சின் மேல் வைத்ததுதான் கண் முன் நின்றது. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வட்டமில்லாமல் நீளமாக மாவிலைத் தோரணம் தைக்கலாம் என்று மாற்றினேன். இருபத்தொரு இலை, பச்சைத் துணியில், நரம்பெல்லாம் வைத்து. நம் வாசலில் கட்டிப் பார்த்தேன். கண் கொள்ளாத அழகு. ஆனால் நீ கேட்டது அதில்லையே. உன் பெயரைச் சொல்லி என் ஆசையைத் தைத்திருக்கிறேன் என்று உறைத்ததும் அவிழ்த்துவிட்டேன்.

மறுநாள் காலை கீரைக்கார சுந்தரம்மாள் வந்தாள். பரவை மார்க்கெட்டிலிருந்து வருவாளே, உனக்கு முருங்கைக்கீரையைச் சும்மா அள்ளிக் கொடுப்பாளே, அவள்தான். தலையிலிருந்த கூடையை நானும் ஒரு கை பிடித்து இறக்கினேன். பிறகு சும்மாட்டை எடுத்து என் முன்னால் காம்பவுண்டு சுவர் மேல் வைத்தாள். பழைய சேலையை முறுக்கிச் சுற்றிய துணி வளையம். பத்து வருடமாகப் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். உயிரோடு இருக்கிற ஒருத்தி தினமும் தலையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நடக்கிறாள். அது அவளை ஒன்றும் செய்துவிடவில்லை.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் சொன்ன அந்தச் சொல்லையும் சொன்னேன். அவளா எனக்கு மரியாதை பார்க்கிறவள்? "தாயில்லாப் புள்ளைக்கிட்ட இம்புட்டு வாயி ஆகாது டீச்சரம்மா. மொதல்ல அது கேட்டதைச் செஞ்சு குடுங்க" என்றாள். கம்பியைக் காட்டினேன். "இது எதுக்கு? நல்லா நைஞ்ச வேட்டியா ஒண்ணு எடுத்தாங்க, நான் சுத்தித் தாரேன்" என்றாள்.

நைந்த வேட்டி என்றால் மாமாவுடையதுதான். பேரப்பிள்ளைக்குத் தொட்டில் துணியாகும் என்று இரண்டைத் துவைத்து எடுத்துவைத்திருந்தேன். ஒன்றைக் கொடுத்தேன். அவள் கால் பெருவிரலில் ஒரு முனையை மாட்டி முறுக்கி முறுக்கிச் சுற்றினாள். நல்ல இறுக்கம். உள்ளே இருப்பது அவர் வேட்டி என்பதை உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை. வேண்டாம் என்று தோன்றினால் மாட்டாதே, நான் ஏதும் நினைக்க மாட்டேன்.

மேலே சுற்றியிருக்கும் அரக்குச் சுங்குடி உன் சேலைதான். முதல் பொங்கலுக்கு அலங்காநல்லூருக்கு வண்டியில் போய்ச் செயினில் மாட்டிக் கிழித்துக்கொண்டு, நான் திட்டுவேன் என்று பீரோ அடியில் ஒளித்துவைத்தாயே, அதே சேலை. எனக்கு அன்றைக்கே தெரியும். திட்ட மாட்டேன் என்று அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை. சேலையைப் பட்டை பட்டையாக வெட்டிச் சுருக்கம் வைத்துத் தைத்து, கீழ்ப்பக்கம் மூன்று மாவிலை சேர்த்தேன். ஒரு பக்கம் தையல் கொஞ்சம் கோணல். கண்ணாடி மாற்ற வேண்டும். மழைத் தண்ணீர் படாமல் மாட்டு, சாயம் இறங்கும்.

உனக்குக் கால் வீக்கம் இருப்பதாக ஸ்ரீகுமார் சொன்னான். உப்பைக் குறை. தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படு. படியில் இறங்கும்போது கைப்பிடியை விடாதே. மருந்துப் பொடியும் பூண்டு லேகியமும் தயார் செய்துவிட்டேன். பார்சலில் வைக்கவில்லை. மாமாவின் இன்னொரு வேட்டியையும் வைக்கவில்லை. அவற்றைத் தபாலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாகிவிட்டது. ஸ்வெட்டரும் இரண்டு வாங்கியிருக்கிறேன். ஸ்ரீகுமாருக்கு இது தெரியாது, நீயும் சொல்ல வேண்டாம். சொன்னால் அவன் உடனே டிக்கெட் போட்டுவிடுவான். பிள்ளை கூப்பிட்டு அம்மா வருவது பெரிய காரியமில்லை. எனக்கு நீ கூப்பிட்டு வர வேண்டும் சுஷ்மா.

நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, நூறு வயது இருக்க வேண்டும். கூப்பிட மனம் வராவிட்டாலும் இந்த ஆசீர்வாதம் உனக்கு உண்டு. அடுத்த முறை போனை அவனிடம் கொடுப்பதற்கு முன் இரண்டு நிமிஷம் பேசு. நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
உன் அத்தை
விஜயம்